தெரியாது என்று சொல்லத் தெரிந்த மீட்டர்

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பச் சந்திப்பில், எலக்ட்ரானிக்ஸ் பழுதுபார்க்கும் கடை நடத்திவரும் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரை. வந்திருந்தவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தருகிறோம்.)





மேடையில் பேசிப் பழக்கமில்லாதவன் நான். மிக்ஸி, டி.வி., இன்வெர்ட்டர் பழுது பார்ப்பதுதான் என் தொழில். போன மாதம் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஒரு ஃபேனோடு கடைக்கு வந்தார். மேசையில் கிடந்த ஒரு கருவியைப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்டார். விவரம் சொன்னேன். "இதை நம் குடும்பங்கள் எல்லாம் கேட்கணும், வந்து பேசுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதனால்தான் நிற்கிறேன்.

இந்த மேசையில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. ஒன்று நான் வீட்டில் செய்தது. மண்ணுக்குள் உலோகத்தைத் தேடும் மெட்டல் டிடெக்டரோடு சேர்த்து வைக்கும் ஒரு மீட்டர். கீழே இருப்பது ஆணியா, காகிதம் போன்ற அலுமினியமா, செம்பா என்று எண்ணில் சொல்லும். இன்னொரு பெட்டி என் பெரியத்தா வாங்கியது. அதன் விலை ஐந்து பவுன். முதலில் அந்த ஐந்து பவுன் பெட்டியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். பெரியத்தா மறைந்துவிட்டார். அவர் பிள்ளைகளிடம் அனுமதி கேட்டுத்தான் இதைப் பேசுகிறேன்.

பெரியத்தா வாங்கிய பெட்டி

பெரியத்தா வெளிநாட்டில் ஓட்டல் வேலை பார்த்து ஊர் திரும்பியவர். எங்கள் பாட்டனார் காலத்து வீடு ஒன்று இடிந்து கிடந்தது. ஒருநாள் இரண்டு பேர் வந்தார்கள். "பழைய வீடுகளில் செப்புப் பானையில் காசு புதைத்து வைத்திருப்பார்கள், எங்களிடம் மெஷின் இருக்கிறது, பார்த்துச் சொல்கிறோம்" என்றார்கள். நீண்ட கம்பி, கைப்பிடி, அதன் மேல் முள் ஆடும் ஒரு மீட்டர். வாசலில் முள் அசையவில்லை. கூடத்தில் அசையவில்லை. கிணற்றடிக்குப் போனதும் முள் எழுந்து வலது கோடிக்குப் போய் நடுங்கி நின்றது. பெரியத்தா கண்ணால் பார்த்தார். பார்த்த பிறகு யார் சொல்லியும் அவர் கேட்கவில்லை.

மூன்று வாரம் தோண்டினார்கள். இன்னும் ஆழத்தில் இருக்கிறது, அதற்கு வேறு பாகம் வாங்கவேண்டும் என்று பணம் கேட்டார்கள். இளைய மகள் நிக்காஹ்வுக்காகப் பெரியம்மா எடுத்து வைத்திருந்த நகையில் ஐந்து பவுன் போயிற்று. மெஷினை நம்பிக்கைக்காக விட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. நிக்காஹ் ஒரு வருடம் தள்ளிப்போனது. காரணத்தை வெளியே சொல்ல முடியாமல் அந்தக் குடும்பம் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

அப்போது நான் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தேன். பெரியத்தா அந்தப் பெட்டியை என்னிடம் தந்து, "இது இப்ப ஏன் ஆட மாட்டேங்குது, பாருப்பா" என்றார். திறந்தேன். உள்ளே ஒரு 9 வோல்ட் பேட்டரி. ஒரு முள் மீட்டர். ரேடியோவில் சத்தம் கூட்டுகிற மாதிரி ஒரு வால்யூம் கன்ட்ரோல். கைப்பிடி ரப்பருக்கு அடியில், கட்டைவிரல் படும் இடத்தில், வெளியே தெரியாத ஒரு சுவிட்ச். கீழே கம்பிக்குப் போகும் ஒயரை இழுத்துப் பார்த்தேன். அது எதிலும் சேரவில்லை. நுனியில் டேப் சுற்றியிருந்தது. முள்ளை ஆட்டியது செப்புப் பானை அல்ல, அந்த ஆளின் கட்டைவிரல்.

சொன்னேன். பெரியத்தா வெகுநேரம் பேசவில்லை. பிறகு ஒன்று கேட்டார்: "அப்போ உண்மையான மெஷின்ல என்னப்பா இருக்கும்? அது என்ன சொல்லும்?"

அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த இரண்டாவது பெட்டியைச் செய்து முடித்த பிறகுதான் தெரிந்தது. இன்று பேசப்போவது அந்தப் பதிலைத்தான்.

உண்மையான மெஷின் எப்படி வேலை செய்கிறது?

உண்மையான டிடெக்டரின் தட்டுக்குள் இரண்டு செப்புக் கம்பிச் சுருள்கள் இருக்கும். ஒன்று பேசும், மற்றது கேட்கும். பேசும் சுருளில் நொடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் மின்சாரம் ஓடும். என் கருவியில் நொடிக்கு ஏறத்தாழ 10,000 முறை. அதனால் மண்ணுக்குள் ஒரு காந்தப்புலம் மாறி மாறிப் பாயும். பேசும் சுருளின் சத்தம் கேட்கும் சுருளில் விழாதபடி இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்று ஒரு குறிப்பிட்ட அளவுக்கு ஏற்றி வைப்பார்கள். தராசு சமமாக நிற்கிற மாதிரி. கீழே ஒரு உலோகம் வந்தால் அதற்குள் சின்னச் சின்னச் சுழல் மின்னோட்டங்கள் எழும். அவை தங்கள் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். அந்தப் பதில் கேட்கும் சுருளில் விழுந்து தராசு சாயும். காதில் "பீப்" என்று கேட்கும்.

இந்தத் தராசு முறை பழையது. 1881 ஜூலை 2-ம் தேதி அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை ஒருவன் சுட்டான். குண்டு உடலுக்குள் எங்கே இருக்கிறது என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. எக்ஸ்ரே அப்போது இல்லை. டெலிபோன் கண்ட அலெக்சாண்டர் கிரஹாம் பெல் இதே தராசு முறையில் ஒரு கருவி செய்து கொண்டுபோனார். கருவி வேலை செய்யும் கருவிதான். ஆனால் ஜனாதிபதியின் படுக்கையில் எஃகுக் கம்பிகள் இருந்தன. அது முதலில் பெல்லுக்குத் தெரியாது. குண்டு வலப்பக்கம் இருப்பதாகத் தலைமை மருத்துவர் முடிவு கட்டிவிட்டதால், அந்தப் பக்கத்தைத்தான் தேட விட்டார்கள். குண்டு கிடைக்கவில்லை. செப்டம்பர் 19-ல் கார்ஃபீல்டு இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குண்டு இடப்பக்கம் இருந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சரியான கருவியும் தவறாக முடியும். கருவி சொல்வது ஒன்று. அதைக் கேட்கிற நாம் ஏற்கெனவே மனதில் முடிவு செய்து வைத்திருப்பது வேறு ஒன்று. இது பிறகு என் சொந்த வீட்டிலேயே நடந்தது. அங்கே வருகிறேன்.

மீட்டர் செய்த விதம்

நான் வாங்கியது செகண்ட் ஹேண்ட் டிடெக்டர். "பீப்" மட்டும்தான் சொல்லும், எண் காட்டாது. எண் காட்டும் கருவிகளின் விலை என் கைக்கு எட்டவில்லை. அதனால் எண் காட்டும் பகுதியை நானே செய்ய நினைத்தேன்.

உலோகத்தின் பதிலில் இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று, எவ்வளவு சத்தமாக வருகிறது என்பது. பொருள் பெரியதாக இருந்தாலும், மேலே கிடந்தாலும் சத்தம் கூடும். இரண்டாவது, எவ்வளவு தாமதமாக வருகிறது என்பது. மெல்லிய அலுமினியத் தாளில் சுழல் மின்னோட்டம் உடனே அடங்கிவிடும். பதில் சீக்கிரம் வரும். கனமான செம்பு, வெள்ளியில் மின்சாரம் தடையின்றி ஓடுவதால் பதில் தாமதமாக வரும். இரும்பு தனி ரகம். அது காந்தத்தையே தன் பக்கம் இழுப்பதால் அதன் பதில் வேறு திசையில் இருக்கும். தாளில் தொடங்கி வெள்ளி வரைக்கும் உள்ள வித்தியாசம் முழுதும் அலையின் கால் பங்குக்குள் அடங்கிவிடும். 10,000 முறை துடிக்கும் என் கருவியில் அது ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 25 பங்கு. அவ்வளவு சின்ன இடைவெளியில்தான் மீட்டர் தாளா, வெள்ளியா என்று பிரிக்கவேண்டும்.

டிடெக்டரின் போர்டில் இந்தப் பதிலை இரண்டு வாய்க்கால்களாகப் பிரித்து வைத்திருப்பார்கள். தாமதத்தைப் பொறுத்து ஒரு வாய்க்காலில் கூடும், இன்னொன்றில் குறையும். இரண்டுக்கும் உள்ள விகிதத்தைக் கண்டால் தாமதம் தெரிந்துவிடும். பத்தாம் வகுப்பில் முக்கோணவியல் படிக்கிற பிள்ளைகளுக்குப் புரியும்: எதிர்ப்பக்கம், அடுத்துள்ள பக்கம் இரண்டும் தெரிந்தால் கோணத்தைச் சொல்லிவிடலாம். அதே கணக்குதான். அந்தக் கோணத்தை 0 முதல் 99 வரையிலான எண்ணாக மாற்றிக் காட்டுவதுதான் இந்தப் பெட்டியின் வேலை.

உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டுகிறேன். ஆர்டுயினோ நானோ என்ற ஒரு சின்ன போர்டு. இரண்டு வரி எழுத்து காட்டும் ஒரு எல்.சி.டி. இரண்டு வாய்க்கால்களையும் தொந்தரவு செய்யாமல் எட்டிப்பார்க்க ஒரு ஆப்-ஆம்ப் ஐ.சி. கொஞ்சம் ரெசிஸ்டர், கெபாசிட்டர். டிடெக்டர் விலையை விட்டுவிட்டால், ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

செய்ய நினைக்கும் தம்பிமாருக்கு நான் பட்ட மூன்று அடிகளைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் அடி. டிடெக்டரின் வாய்க்கால்களில் வோல்ட் நடுக்கோட்டுக்கு மேலும் கீழும் போகும். ஆர்டுயினோ 0-விலிருந்து 5 வோல்ட் வரை மட்டுமே வாங்கும்; கீழே போனால் அதன் உள்ளீடு கெட்டுவிடும். எனக்கு ஒரு போர்டு அப்படிப் போனது. இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை வைத்து 2.5 வோல்ட்டில் ஒரு நடுக்கோடு உண்டாக்கி, அதன் மேல் இந்தச் சிக்னலை ஏற்றவேண்டும்.

இரண்டாவது அடி. கடையில் எப்போதும் கிடக்கும் எல்.எம். 358 ஐ.சி.யைப் போட்டேன். ஆழத்தில் வைத்த செப்புக் காசு சரியாக 80 காட்டியது. அதே காசைத் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் 60 என்றது. மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். காரணம் எளிது. 5 வோல்ட் கொடுத்தால் அந்த ஐ.சி. ஏறத்தாழ 3.5 வோல்ட்டுக்கு மேல் ஏறாது. சத்தமான சிக்னலின் தலை அங்கே வெட்டுப்பட்டது. ஒரு வாய்க்கால் வெட்டுப்பட்டு மற்றது முழுசாக வந்தால் விகிதம் கெட்டுவிடும் அல்லவா? 5 வோல்ட் வரை முழுக்க ஏறக்கூடிய எம்.சி.பி. 6002 போட்டதும் சரியானது. அதற்குப் பிறகும், சிக்னல் எல்லையைத் தொட்டால் எண்ணே காட்டாதே, "ஓவர்" என்று எழுது என்று புரோகிராமில் சேர்த்தேன்.

மூன்றாவது அடி. டிஸ்ப்ளேயும் ஆர்டுயினோவும் தாங்களே சத்தம் போடும் சாமான்கள். தட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் டிடெக்டர் அவற்றின் சத்தத்தையே உலோகம் என்று நினைத்துக்கொள்ளும். பெட்டியைக் கைப்பிடி அருகே, தட்டிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் வையுங்கள். சப்ளைக்குப் பக்கத்தில் 100 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்றும், 0.1 ஒன்றும் போடுங்கள்.

இத்தனையும் ஆன பிறகு எண் வந்தது. ஆனால் நிற்கவில்லை. ஒரே பொருளின் மேல் தட்டை வீசும்போது 41, 58, 12, 47 என்று தாவியது. சிக்னல் ஏறும்போதும் இறங்கும்போதும் கணக்குப் போட்டதுதான் தவறு. சிக்னல் உச்சியில் நிற்கும் அந்தக் கணத்தில் மட்டும் கணக்குப் போடச் சொன்னேன். கடைசி நான்கு வீச்சின் எண்களை நினைவில் வைத்து ஒப்பிடச் சொன்னேன். நான்கும் நெருங்கி இருந்தால் எண்ணைக் காட்டு. 15-க்கு மேல் விலகி இருந்தால் ஒரு கேள்விக்குறியைக் காட்டு என்று எழுதினேன்.

இந்தக் கேள்விக்குறி போடும்போது இது சின்ன விஷயம் என்று நினைத்தேன். இப்போது இந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

எண் சொல்வதும் சொல்லாததும்

மீட்டர் தயாரானதும் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகக் காட்டி எண்ணைக் குறித்தேன். என் மீட்டரில் இரும்பு ஆணி 8. மாத்திரை அட்டை 30-லிருந்து 36. என் மனைவியின் 22 காரட் மோதிரம் 54. கூல்டிரிங்ஸ் டின் திறக்கும் வளையம்? அதுவும் 50-க்கு மேல்தான். செப்புக் காசு 80. சோடா பாட்டில் மூடி இரும்புதான். ஆனால் தட்டையாக வட்டமாக இருப்பதால் சில நேரம் 70-க்கு மேல் போய் நல்ல உலோகம் போல நடிக்கும்.

தாய்மார்கள் கவனிக்கவேண்டும். "தங்கம்" என்று இந்த மீட்டர் ஒருநாளும் சொல்லாது. சொல்லவும் முடியாது. அது அளப்பது தங்கத்தை அல்ல. மின்சாரம் அந்தப் பொருளுக்குள் எப்படிச் சுற்றுகிறது என்பதை. கனம், வடிவம், கலந்திருக்கும் செம்பு, வெள்ளி, எல்லாம் சேர்ந்து ஒரு எண்ணாகிறது. இரண்டு வேறு பொருள்களுக்கு ஒரே எண் வரும். ஒரே பொருளுக்கு இரண்டு எண் வரும். இது என் மீட்டரின் குறை அல்ல. விலை உயர்ந்த கருவிகளுக்கும் இதே கதைதான்.

இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனாலும் பட்டபிறகுதான் புரிந்தது.

என் அக்காவின் மோதிரம் தொலைந்துபோனது. எங்கள் அம்மா கடைசியாகக் கொடுத்தது, அரைப் பவுன். கொல்லையில் மணல் பரப்பில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது விரலிலிருந்து நழுவியிருக்கிறது. அக்கா என்னைக் கூப்பிட்டார். எனக்கு உள்ளூரப் பெருமை. என் மீட்டரின் முதல் வேலை அல்லவா!

முதல் அரை மணி நேரத்தில் ஆறு மாத்திரை அட்டை வந்தது. பிறகு சிகரெட் பெட்டித் தாள். எரிச்சல் வந்தது. மோதிரம் 54 காட்டும் என்று எனக்குத் தெரியுமே! 45-க்குக் கீழே எது வந்தாலும் பேசாதே என்று மீட்டருக்குச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கொல்லை முழுவதும் தேடினேன். மூன்று டின் வளையம், ஒரு பித்தளைத் திருகு. மோதிரம் இல்லை. "இங்கே இல்லைக்கா, வேற எங்கேயோ விழுந்திருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வேலைக்கு வரும் பெண்ணின் பேர் அந்த வீட்டில் மெதுவாக அடிபடத் தொடங்கியது. அது என் காதிலும் விழுந்தது.

இரவு தூக்கம் வரவில்லை. அக்காவிடம் போன் போட்டுக் கேட்டேன்: "அந்த மோதிரம் எப்படி இருக்கும், சொல்லுங்க." அக்கா சொன்னார்: "போன வருஷம் கை வீங்கினப்போ அடிப்பக்கம் வெட்டி எடுத்தாங்கப்பா. ஒட்ட வைக்காம அப்படியே விரிச்சுப் போட்டிருந்தேன்."

எனக்குச் சுரீர் என்றது. முழு வளையத்தில்தான் மின்சாரம் சுற்றிவரும். வெட்டுப்பட்ட வளையத்தில் அது சுற்ற வழியில்லை. உலோகத்தின் கனத்துக்குள்ளேயே சின்னதாகச் சுழலும். அப்படி இருந்தால் எண் கீழே விழுந்துவிடும். மெல்லிய சங்கிலிக்கும் இதே கதிதான்; ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாகப் பதில் சொல்வதால் தாளைவிடக் குறைவாகக்கூடக் காட்டும்.

ஃபஜ்ர் முடிந்ததும் போனேன். தடையை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் தோண்டினேன். ஒன்பதாவது குழியில், நாலு அங்குல ஆழத்தில், மோதிரம். மீட்டர் காட்டிய எண் 33. மாத்திரை அட்டையின் எண். இரண்டு நாளும் நான் அதன் மேல் நடந்திருக்கிறேன். மீட்டர் சொல்லத் தயாராக இருந்தது. நான்தான் பேசாதே என்று வாயை அடைத்திருந்தேன். ஆசாரி வெட்டை ஒட்டித் தந்த பிறகு அதே மோதிரத்தைக் காட்டிப் பார்த்தேன். 52.

அக்கா அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன். "இங்கே இல்லை" என்று உறுதியாகச் சொன்னது நான்தானே? கருவி கையில் இருக்கிறவன் "இல்லை" என்று சொன்னால், அந்தப் பழி எங்காவது ஒருவர் தலையில் போய் விழும். "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லியிருந்தால் விழுந்திருக்காது.

உயிரைப் பணயம் வைத்துத் தேடுகிறவர்கள்

இந்தக் கருவியை எல்லோரையும்விட நன்றாக அறிந்தவர்கள் கண்ணிவெடி அகற்றுகிறவர்கள். கையில் தூக்கிப்போகும் கண்ணிவெடி டிடெக்டரை 1941-ல் ஜோசப் கொசாட்ஸ்கி என்ற போலந்து நாட்டு அதிகாரி ஸ்காட்லாந்தில் இருந்தபோது செய்தார். மறு வருடம் எகிப்தின் அல் அலமைன் போர்க்களத்தில் அது பயன்பட்டது. அவர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. பிரிட்டிஷ் இராணுவத்துக்குக் கொடுத்துவிட்டார்.

போர் முடிந்த இலங்கையின் வடக்கில் பல ஆண்டுகளாகக் கண்ணிவெடி அகற்றும் வேலை நடக்கிறது. அதில் நிறையத் தமிழ்ப் பெண்கள் இருக்கிறார்கள். போரில் கணவனை இழந்து குடும்பத்தைத் தாங்குகிறவர்களும் அதில் உண்டு. அவர்கள் டிடெக்டர் சத்தம் போட்டால், "இது டின் மூடியாக இருக்கும்" என்று தாண்டிப்போவதில்லை. ஒவ்வொரு சத்தத்தையும் கண்ணிவெடி என்றே வைத்துக்கொண்டு, மண்டியிட்டு, பக்கவாட்டில் இருந்து மண்ணை மெல்ல எடுத்துப் பார்ப்பார்கள். பெரும்பாலும் ஆணியோ தகரமோதான் வரும். ஆனாலும் அடுத்த சத்தத்துக்கும் அதே பொறுமை. நான் 45-க்குக் கீழே வாயை அடைத்தது போல அவர்கள் அடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

உள்ளே ஒன்றும் இல்லாத கருவி

இனி, பெரியத்தா ஏமாந்ததை நினைத்துச் சிரிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அரசாங்கங்களே ஏமாந்திருக்கின்றன.

ஜேம்ஸ் மெக்கார்மிக் என்ற பிரிட்டன் நாட்டு வியாபாரி ஏ.டி.இ. 651 என்ற ஒரு கருவியை விற்றார். ஒரு கைப்பிடி, அதில் இப்படியும் அப்படியும் திரும்பும் ஒரு ஆன்டெனா. வெடிகுண்டு இருக்கும் பக்கம் ஆன்டெனா தானே திரும்பும் என்றார். பேட்டரி கிடையாது, பிடித்திருப்பவரின் உடம்பு மின்சாரத்தில் ஓடும் என்றார். ஈராக் அரசாங்கம் கோடிக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கியது. பாக்தாத் சோதனைச் சாவடிகளில் காவலர்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் அதோடு வரும் அட்டையைப் பிரித்துப் பார்த்தபோது, கடைகளில் துணி திருடு போகாமல் ஒட்டும் சின்ன வில்லை மட்டும்தான் இருந்தது. கோல்ஃப் பந்தைத் தேடித் தரும் என்று விற்ற ஒரு விளையாட்டுச் சாமானைப் பார்த்துத்தான் அதைத் தொடங்கியிருந்தார். 2013 மே மாதம் லண்டன் நீதிமன்றம் அவருக்குப் பத்து ஆண்டு சிறை கொடுத்தது.

தண்டனை வந்த பிறகும் அந்தக் கருவி சாவடிகளில் இருந்து போகவில்லை. 2016 ரமலானின் கடைசி நாள்களில், பாக்தாதின் கர்ராதா கடைத்தெருவில், நோன்பு திறந்துவிட்டு பெருநாள் சாமான் வாங்க வந்த குடும்பங்கள் நடுவே குண்டு வெடித்தது. 300-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்நாட்டுப் பிரதமர் அந்தக் கருவிகளைத் திரும்பப் பெற உத்தரவிட்டார்.

ஆன்டெனா எப்படித் திரும்பியது? பிடித்திருப்பவர் கை தனக்கே தெரியாமல் கொஞ்சம் சாயும். சந்தேகம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாயும். அந்தக் காவலர்கள் பலர் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே நம்பினார்கள். பெரியத்தாவின் கிணற்றடியில் ஒரு திருடனின் கட்டைவிரல் செய்ததை, அங்கே நம்பிக்கையே செய்தது.

பத்துக் கொட்டாங்கச்சி

நம் ஊர்ப் பக்கம் இன்றும் புதையல் மெஷின், இரிடியம் கலசம், அரிசியை இழுக்கும் செம்பு என்று வருகிறார்கள். பெயர் மாறும், முள் ஆடுவது மாறாது. யார் வந்தாலும் எதிர்த்துப் பேசவேண்டாம், படிப்பு வேண்டாம், எலக்ட்ரானிக்ஸ் தெரியவேண்டாம். பத்துக் கொட்டாங்கச்சி இருந்தால் போதும்.

மெஷின்காரரை வெளியே நிறுத்துங்கள். பத்துக் கொட்டாங்கச்சியைத் தரையில் வரிசையாகக் கவிழ்த்து வையுங்கள். ஒன்றின் அடியில் மட்டும் ஒரு பித்தளைத் தட்டோ கனமான வளையலோ வையுங்கள். வைத்தவர் வேறு பக்கம் போய்விடவேண்டும். ஏனென்றால் வைத்தவர் முகத்தைப் பார்த்தே சிலர் கண்டுபிடிப்பார்கள். எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒருவர் மட்டும் உள்ளே நிற்கட்டும். இப்போது மெஷின்காரரைக் கூப்பிடுங்கள். இடம் மாற்றி மாற்றி மூன்று முறை செய்யுங்கள். குருட்டாம்போக்கில் ஒருமுறை பத்தில் ஒன்று அடிக்கலாம். மூன்று முறையும் அடிக்க ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு.

என் பெட்டியை இதில் போட்டுப் பார்த்திருக்கிறேன். மூன்றும் கண்டுபிடிக்கும். உள்ளே இருப்பது என்ன என்று கேட்டால் சில நேரம் தப்பாகச் சொல்லும்; சில நேரம் கேள்விக்குறி போடும். எங்கே இருக்கிறது என்பதில் தப்பாது. பொய்க் கருவிகள் நேர்மாறு. என்ன இருக்கிறது, எத்தனை கிலோ, எந்தக் காலத்தது என்று எல்லாம் சொல்லும். எங்கே என்று கேட்டால் மாட்டிக்கொள்ளும். "இன்றைக்கு நேரம் சரியில்லை", "கொட்டாங்கச்சியில் செய்யக்கூடாது" என்று சொன்னால், டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. டிடெக்டர் கையில் இருக்கிறது என்பதற்காகப் பழைய கோட்டை, பாதுகாக்கப்பட்ட இடங்களில் போய்த் தோண்டாதீர்கள், குற்றம். 1878-ம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் புதைந்து கிடந்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாகக் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும். "நமக்குள்ளே முடித்துக்கொள்வோம்" என்று ஒருவர் ஆசை காட்டினாலே அது உங்களைச் சிக்க வைக்கும் கயிறு. ஏமாந்த பிறகு போலீசுக்குப் போக முடியாமல் செய்வதும் அந்தக் கயிறுதான். பெரியத்தா போகாததற்கும் அதுதான் காரணம்.

பெரியத்தா கேட்ட கேள்விக்கு வருகிறேன். உண்மையான மெஷினில் என்ன இருக்கும்? இரண்டு சுருளும் கொஞ்சம் கணக்கும் இருக்கும். அது என்ன சொல்லும்? "இங்கே ஒரு உலோகம் இருக்கிறது. அநேகமாக இந்த ரகம். எனக்குச் சரியாகத் தெரியவில்லை, தோண்டிப் பார்." அவ்வளவுதான் சொல்லும். இந்தப் பதிலை அவரிடம் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. அல்லாஹ் அவர் பிழைகளைப் பொறுத்துக்கொள்வானாக.

இந்த இரண்டு பெட்டிகளும் என் கடையில்தான் இருக்கும். மீட்டர் செய்யக் கற்க விரும்பும் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வாருங்கள். சால்டரிங் பிடிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் வீட்டுக்கு யாராவது முள் ஆடும் பெட்டியோடு வந்தால், அவர்களையும் கூட்டி வாருங்கள். கொட்டாங்கச்சி பத்தும் கழுவிக் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன்.